நாலாவது மைக்

பேஸ் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நாலு மைக்குகள் நின்றன. நாலில் எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பது வருஷமாகப் பல் துலக்குவது போல அலட்டிக்கொள்ளாமல் செய்துவந்த வேலை. இன்றைக்கு அதிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஒலிப்பதிவு செய்கிற வட்டாரத்தில் அவன் 'காது'. "காது வந்தாச்சா?" "காது என்ன சொன்னாரு?" "காது சொல்லிட்டாருன்னா அதுக்கு மேல பேச்சு இல்ல." இப்படித்தான்.

பட்டம் ஒன்றும் சும்மா வரவில்லை. ஒருமுறை முப்பது பேர் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தி, "பின்னாடி யாரோ ஷூவைக் கழட்டிட்டு வாசிக்கறீங்க. மாட்டிக்கிட்டு வாசிங்க, கால் தட்டுறது வேற மாதிரி கேக்குது" என்றான். கடைசி வரிசை வயலின்காரர் அசடு வழிந்தபடி குனிந்து ஷூவைத் தேடினார். இன்னொரு முறை, பாடகிக்குப் பசிக்கிறது, சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று சொல்லி அனுப்பினான். அந்தம்மாவின் வயிறு கத்தியதை மைக் வழியாகக் கேட்டிருக்கிறான் மனுஷன்!

காது பெரிதாக இருக்கிறவனுக்கு வாயும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும் போல. மைக்குகள் வந்து சேர்கிற ஒலிப் பலகையின் மேல்வரிசையில், சத்தம் ஏறி இறங்குவதைக் காட்டுகிற சின்னச் சின்ன ஊசிக் கண்ணாடிகள் இருக்கும். அவை அத்தனையின் மேலும் பழுப்புத் தாள் ஒட்டி மறைத்திருந்தான். கம்ப்யூட்டர் திரையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தான். கேட்டால், "ஊசியைப் பாத்து எவன் வேணா சொல்லுவான். அப்புறம் காது எதுக்கு இருக்கு, கண்ணாடி மாட்டவா?" என்பான். மைக் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தான். நாலு மைக்கிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது, பிறகு கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொள்வது, இன்னொருவர் தன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு பொத்தானாக அழுத்த, கேட்டுச் சொல்வது. ஸ்டுடியோவில் அதற்குக் கண்ணாமூச்சி என்று பெயர். ஒரு தடவைகூட அவன் தடுமாறியதில்லை. இரண்டாவது நொடியிலேயே, "இது வேணாம், அடுத்தது" என்று கையை வீசுவான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று எழுந்து போய் சுவிட்சைப் பார்த்தான். அணைத்துத்தான் இருந்தது. "மோட்டார் ஓடலைங்க, தொட்டியே நேத்துதானே நிறைச்சோம்" என்றாள் மனைவி. அவன் பக்கத்து வீட்டு மோட்டாரைச் சந்தேகப்பட்டான். மொட்டைமாடிக்குப் போனான், தெருவுக்குப் போனான். போகிற இடத்துக்கெல்லாம் மோட்டார் கூடவே வந்தது. இடது காதைக் கையால் பொத்தினான், அப்போதும் ஓடியது. அன்று மத்தியானம் சுவரும் தரையும் இடம் மாறி, குளியலறையில் விழுந்து வாந்தி எடுத்தான்.

காது டாக்டர் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். உச்சத்துச் சத்தங்களுக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினான். கீழே இறங்க இறங்க அவன் விரல் சும்மா கிடந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்காதுல நீர் கோத்திருக்கு. அடிச் சத்தம்தான் முதல்ல போகும். சில நாள் வரும், சில நாள் போகும். இடது அளவுக்கு இல்லாட்டியும் வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு. பயப்படாதீங்க, பேச்செல்லாம் நல்லாவே கேக்கும். என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆபீஸ்ல கிளார்க்" என்றான்.

"அப்ப ஒரு பிரச்சனையும் இல்ல" என்றார் டாக்டர்.

விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்துக்கொண்டார்கள். மனைவிக்கு மட்டும் தெரியும். வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினான். வேறு யாரிடமும் என்றால், முக்கியமாக அவள் அண்ணனிடம்.

அவள் அண்ணன்தான் பெட்டியின் சொந்தக்காரர். பேஸ் கிதார் வாசிப்பவர். ஆள் உயரம் என்பதால் வெளியே ஒட்டகம் என்பார்கள், இவனுக்கு மச்சான். இருவரும் மேடை மேடையாக அலைந்த காலத்தில், ஒருவர் வாசிக்க மற்றவன் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோதே பழக்கம். தங்கையைப் பெண் கேட்டு இவன் போய் நின்றபோது, வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. மச்சான்தான் எல்லோரையும் அடக்கினார். "ஆள் எப்படியோ எனக்குத் தெரியாது. காது நல்ல காது. நம்பிக் குடுக்கலாம்" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அந்த வீட்டில் சிரித்திருக்கிறார்கள். இப்போது அதை நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வருவதில்லை.

முப்பத்தைந்து வருஷம் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவர் மச்சான். புகைப்படத்தில் ஓரத்தில் நிற்பார், அச்சடிக்கும்போது வெட்டிவிடுவார்கள். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு இசைத்தொகுப்பு செய்கிறார். எட்டு பாட்டு, பாடகர் கிடையாது, பேஸ் கிதார்தான் பாடும். அவருடைய பாணி ஒன்று உண்டு. தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சைச் செருகிவிட்டு, கட்டைவிரல் சதையால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். நகம் படுகிற சத்தமோ, கம்பி உரசுகிற சத்தமோ எதுவும் இருக்காது. முழுக்க முழுக்க அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். இவன் எதை இழந்துவிட்டானோ, சரியாக அதை மட்டும்தான் வாசிப்பார் மனுஷன். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கொழுப்பு ஜாஸ்திதான்.

"அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்று மனைவி தினமும் மல்லுக்கு நின்றாள். "உங்க வாயால சொன்னா அண்ணன் தாங்கும். அதுவா கண்டுபிடிச்சா தாங்காது."

"இந்த ஒண்ணை முடிச்சுட்டுச் சொல்லிடறேன்."

"முடிக்கிறதுக்குத்தானே காது வேணும்?"

சொல்லிவிட்டால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் போகட்டும், பெயரும் போய்விடும். 'காது' போய்விட்டால் அவன் யார்? அவனுக்கே தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்காக கிதாரிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துப் பதிவு செய்தார்கள். மச்சான் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு வாசித்தார். கட்டைவிரல் தந்தியில் இறங்குவதும் ஏறுவதும் இவனுக்குத் தெரிந்தது. காதில் மோட்டார்தான் ஓடியது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அழுதுவிட்டான். வாசித்து முடித்து உள்ளே வந்த மச்சான் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் இவன் தோளை அழுத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே புராணம்தான். "காதையே அழவெச்சுட்டேன்ல!"

இன்றைக்கு உண்மையான பதிவு. வயர் போதாது, பெட்டியின் சத்தமே வேண்டும் என்று சொல்லிவிட்டார் மச்சான். நேற்று முழுக்க இவன் பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. வேறு ஸ்டுடியோவில் இருக்கிற இரண்டு பேருக்கு போன் போட்டு, "பேஸ் பெட்டிக்கு நீங்கல்லாம் என்ன மைக் வெக்கிறீங்க?" என்று கேட்டான். ஒருவர், "என்னண்ணே, என்னை வெச்சு காமெடி பண்றீங்களா?" என்று சிரித்தார். இன்னொருவர் பயந்துபோய், "நான் வெச்சது எதுவும் சரியில்லையாண்ணே?" என்று கேட்டார். பெயர் வாங்கி வைத்தால் இதுதான் கதி. சந்தேகம் கேட்கக்கூட நாதி கிடையாது.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஊசிக் கண்ணாடிகளில் ஒன்றின் மேல் இருந்த தாளை நகத்தால் சுரண்டிப் பொட்டு அளவுக்கு ஒரு ஓட்டை போட்டான். தன் கையால் ஒட்டிய தாளைத் தானே திருட்டுத்தனமாகச் சுரண்டினான். பிறகு பெட்டி அறைக்குப் போனான். இரண்டாவது மாடியில், மெத்தை போட்ட சுவர்களுக்கு நடுவே அடைபட்ட சின்ன அறை. பெட்டியில் நாலு ஸ்பீக்கர்கள். எதன் முன்னால் மைக் வைப்பது என்று கண்டுபிடிக்க, எப்போதும் சத்தத்தைக் குறைத்துவிட்டு மண்டியிட்டு ஒவ்வொன்றிலும் காதை வைத்துப் பார்ப்பான். இன்றைக்கும் மண்டியிட்டான். இன்றைக்குப் பார்த்து வலது காதிலும் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். பழைய ஞாபகத்தில் கீழ் வரிசை வலது ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டான்.

நாலு மைக்குக்கும் அவன் வைத்த பெயர்கள் உண்டு. மேடையில் எறிந்தாலும் உடையாத சாதாரண மைக், சுத்தியல். பெரிய டிரம்முக்கென்றே செய்த தடித்த மைக், முட்டை. உள்ளே சருகு போல மெல்லிய தகடு வைத்தது, காற்று பலமாக அடித்தாலே கிழிந்துவிடும், அதற்குச் சருகு. கடைசியில் மகாராணி. அடுத்த அறையில் யாராவது கொட்டாவி விட்டால்கூடக் கேட்டுவிடும், ஆனால் ஒலிப் பலகையிலிருந்து மின்சாரம் அனுப்பினால்தான் வாயைத் திறக்கும். அதற்கென்று ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான்.

நாலையும் நிறுத்தினான், ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தான். ஹெட்ஃபோனில் கேட்டதா, விரலில் பட்டதா என்று அவனுக்கே நிச்சயமில்லை. கேட்டது என்று வைத்துக்கொண்டான்.

மச்சான் வந்தார், வாசித்தார், நாலும் பதிவாயின. சருகு என்று சொல்லிவிடலாம் என்பது இவன் திட்டம். மச்சானின் கட்டைவிரலுக்கு எப்போதும் பொருந்துவது அதுதான். பொட்டு ஓட்டை இருப்பது சருகின் ஊசிக்கு மேலே, ஊசி ஆடினால் சருகு. பார்த்துச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம். "மச்சான், இன்னைக்குக் கண்ணாமூச்சி வேணாம். நேரமாகுது, சும்மா கேட்டே சொல்லிடறேன்" என்றான்.

"அதெல்லாம் நடக்காது!" மச்சான் தன் கைக்குட்டையை உதறினார். "ஊர்ல எவன் எவனுக்கோ கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்ட. எனக்கு மட்டும் ஓசியா? திரும்பு மாப்ள." கல்யாண வீட்டு உற்சாகத்தோடு இறுக்கிக் கட்டினார்.

இருட்டு. மோட்டார். மச்சான் முதல் பொத்தானை அழுத்தினார். எங்கோ தூரத்தில் யாரோ கட்டிலை நகர்த்துவது போல ஏதோ தெரிந்தது. "ம்ம்" என்றான். இரண்டாவது. அதே கட்டில்தான், கொஞ்சம் மந்தமாக. மூன்றாவதில் மேலாக லேசாக டொக்கு டொக்கு என்றது, சுத்தியலாக இருக்கலாம், முட்டையாகவும் இருக்கலாம். "அடுத்தது" என்றான். எப்போதும் போலக் கையை வீசினான்.

நாலாவது பொத்தானின் கிளிக் கேட்டது.

அப்போது அது வந்தது. முதலில் அவன் நம்பவில்லை. பிறகு கவனித்தான். கீழே, மிகக் கீழே, கனமாக ஒரு சத்தம் எழுந்தது. பாட்டு அவனுக்கு மனப்பாடம், முதல் சுரம் எங்கே விழும், எங்கே இழுக்கும், எல்லாம் தெரியும். சரியாக அந்தந்த இடத்தில் சத்தம் ஏறியது, இறங்கியது, நின்று மறுபடி எழுந்தது. கேக்குது! மூன்று மாதம் கழித்துக் கேக்குது! டாக்டர்தான் சொன்னாரே, சில நாள் வரும் என்று. வந்துவிட்டது. அவன் கால் தாளம் போட்டது, தலை ஆடியது, கைக்குட்டை நனைந்தது. கடைசிச் சுரம் வரைக்கும் இருந்து ரசித்தான்.

"இதான் மச்சான்!" கத்தியே விட்டான். "இதான்! யோசிக்கவே வேணாம். அடி எப்படி நிறைஞ்சு நிக்குது பாருங்க! நாலாவதுதான்."

தாள் கிழிகிற சத்தம் கேட்டது.

"மச்சான்?"

கைக்குட்டையைக் கீழே இழுத்துவிட்டுப் பார்த்தான். மச்சான் ஒலிப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இவனைப் பார்க்கவில்லை. பழுப்புத் தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். பசை காய்ந்து ஒட்டிப்போயிருந்ததால் துண்டு துண்டாக வந்தது. நாலையும் உரித்துவிட்டுப் பாட்டை மறுபடி ஓடவிட்டார். முதல் பொத்தானை அழுத்தினார், ஊசி துள்ளியது. இரண்டாவது, துள்ளியது. மூன்றாவது, துள்ளியது. நாலாவதை அழுத்தினார்.

ஊசி படுத்தே கிடந்தது. பாட்டு ஓடி முடியும் வரை படுத்தே கிடந்தது.

"மகாராணிக்குக் கரண்டே போகல மாப்ள" என்றார் மச்சான். "சிவப்புப் பொத்தானை நீ போடவே இல்ல."

அவனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"ஒண்ணுமே வரல. சும்மா வெறும் நிசப்தம். நீ தலையாட்டுற. விளையாடறன்னுதான் முதல்ல நெனச்சேன். அப்புறம் கைக்குட்டை நனையறதப் பாத்தேன்." மச்சான் இவன் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நாளா?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா என் காதுல பூ சுத்தியிருக்க."

அவன் கழுத்தில் கிடந்த கைக்குட்டையை அவிழ்த்தான்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சத்தியம் வாங்கினேன். அவளைத் திட்டாதீங்க."

மச்சான் சுவரில் சாய்ந்துகொண்டார். அடுத்த கேள்வி என்னவென்று இவனுக்குத் தெரியும். அது வராமல் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினான். வந்தது.

"அப்ப, போன செவ்வாய்க்கிழமை? அழுதியே."

இனியும் பொய் சொல்லித்தான் என்ன? "உங்க விரல் போறது தெரிஞ்சுது மச்சான். சத்தம் வரல. அதுக்குத்தான் அழுதேன்."

"ஊரெல்லாம் சொல்லிட்டேன்டா" என்றார் மச்சான், யாரிடமோ முறையிடுவது போல. இத்தனை வருஷத்தில் அவர் இவனை டா போட்டதே இல்லை. கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அவ்வளவுதான், போய்விட்டார் என்று உட்கார்ந்திருந்தான். உரிந்து விழுந்த தாள் துண்டுகளைக் கையில் பொறுக்கிப் பொறுக்கி உருட்டினான். அழுகைகூட வரவில்லை. ஒரே ஒரு மனுஷனின் ஒரே ஒரு ஆசையைக் கெடுத்தாயிற்று. இவன் காதை நம்பித்தானே தங்கையையும் கொடுத்தார், பாட்டையும் கொடுத்தார். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? ஆயிரம் முறை வாய்வரைக்கும் வந்ததே!

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மச்சான் முகம் கழுவியிருந்தார், சட்டைக் காலர் நனைந்திருந்தது. "எந்திரி" என்றார். "அந்த நாற்காலியை விடு. நீ பெட்டிக்கிட்ட போ. நான் கேக்கறேன்."

அவன் எழுந்தான். இருபது வருஷமாக வேறு யாரும் உட்காராத நாற்காலியில் மச்சான் உட்கார்ந்து, நீளமான வயரோடு கிதாரை மடியில் வைத்துக்கொண்டார். இவன் போகிறபோக்கில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் பெட்டி அறைக்குப் போய் மண்டியிட்டான். ஹெட்ஃபோன் வழியே மச்சானின் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டது. "இடது. இன்னும். கொஞ்சம் பின்னாடி. போதும்." இவன் கை சொன்னபடி செய்தது. நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் உருண்டை, கிட்டப் போனால் கனம், எல்லாம் கைக்குத் தெரியும். முன்னங்கையில் பெட்டியின் காற்று புஸ் புஸ்ஸென்று மோதியது. அவனுக்கு இப்போது பேஸ் கிதார் என்றால் அந்தக் காற்றுதான்.

நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு மச்சான் சொன்னார். "முட்டை."

"முட்டையா?" பதறிப்போய் ஓடிவந்தான். "மச்சான், அது டிரம்முக்குச் செஞ்சது. நடுச் சத்தத்தைக் குறைச்சிரும். உங்க விரல்ல இருக்கிற பேச்சே அங்கதான் இருக்கு. சருகை வெக்கலாம் மச்சான், நான் சொல்றேன், கேளுங்க."

"எனக்கு இது நல்லாருக்கு."

"நல்லாருக்கிற மாதிரிதான் இருக்கும். முதல்ல அப்படித்தான் தோணும். வெளிய போய்க் கேட்டா..."

"நீ கேட்டியா?"

மச்சான் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும், கண்ணைத் திருப்பிக்கொண்டார். இவனுக்குத் தான் சொல்வது சரி என்று உள்ளங்கை ரேகை போலத் தெரிந்தது. அதைச் சொல்கிற உரிமைதான் இல்லாமல் போயிற்று. "சரி மச்சான்" என்றான். முட்டையை வைத்தான்.

மச்சான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். இவன் நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே பதிவுப் பொத்தானை அழுத்தினான். மச்சான் முகத்தை மேலே தூக்கினார், கட்டைவிரல் தந்தியில் இறங்கியது. இவன் முப்பது வருஷத்தில் முதல்முறையாக, பசைக் கறை படிந்த கண்ணாடிக்குள் ஊசியைப் பார்த்தான். பாட்டு முடியும் வரை கண்ணை எடுக்கவில்லை. அது எழுந்தது, விழுந்தது, கடைசிச் சுரத்தில் மெல்ல மெல்லச் சரிந்து படுத்தது.

மச்சான் கிதாரின் மேல் கையை வைத்து அமர்த்திவிட்டு, மூச்சு வாங்கினார். பிறகு, ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்ததும் கேட்பது போலவே, பழக்கதோஷத்தில், மைக்கில் கேட்டுவிட்டார்.

"எப்படி இருந்துச்சு மாப்ள?"

கேட்ட வாய் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவன் பேசுகிற பொத்தானை அழுத்தினான்.

"ஊசி நல்லா ஆடுச்சு மச்சான்."